பிறருக்கும் காட்டு

டார்ச் வாங்க வருகிறவர்களிடம் அன்னபாக்கியம் கடைக்குள் அதிகம் பேசுவதில்லை. சாயங்காலம் ஆறரைக்கு வரச் சொல்லிவிடுவாள். கடையிலிருந்து இருநூறு அடி நடந்தால் ஓடை. ஓடையின் மேல் மரப்பாலம். அந்தப் பாலத்தின் முனையில் நிற்க வைத்து, முதலில் பழைய டார்ச்சையும் பிறகு புதியதையும் அடித்துக் காட்டுவாள். பலகையின் வரி, ஆணியின் தலை, கீழே தண்ணீரில் வழுவழுத்த கல் எல்லாம் துல்லியமாகத் தெரியும். அதற்குப் பிறகு யாரும் பேரம் பேசியதில்லை.

அன்று வந்தவன் ஜீப் ஓட்டும் அன்சாரி.

"பழசுல என்ன குறை தம்பி?"

"குறையெல்லாம் இல்லக்கா. ஸ்டாண்டுல எல்லாரும் மாத்திட்டாங்க. நான் மட்டும் பழசத் தூக்கிட்டுப் போனா ஓட்டுறானுங்க."

"சரி, எதுக்கு வேணும்? குனிஞ்சு டயர் பாக்கவா, வளைவுல யானை நிக்குதான்னு தூரமாப் பாக்கவா?"

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டுக்கும்னா ரெண்டுலயும் பாதிதான் கிடைக்கும். அகலமா விரியிறத எடுத்துக்கோங்க. நடக்கிறவனுக்குத் தூரம் தேவையில்ல, அடுத்த அடி தெரிஞ்சாப் போதும். பெருசும் வேணாம். பெருச வாங்கினா கனமா இருக்குன்னு வீட்டுல வச்சுட்டு வந்துருவீங்க."

விரல் நீளமே இருந்த டார்ச்சை அவன் சட்டைப்பையில் செருகிப் பார்த்தான். கிளிப் நன்றாகப் பிடித்தது.

அந்த மலையில் இருட்டிய பிறகு வெளியே வெளிச்சம் போடக் கூடாது என்று சட்டம் வந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான். தேயிலைத் தோட்டத்து விளக்குகளில் விழுந்து செத்து அருகிப்போன பூச்சியினங்கள் திரும்பி வந்தன. மின்மினிகள் வந்தன. யானைகள் மிரளாமல் தம் வழியில் போயின. மனிதர்களுக்கு மட்டும் வேறு டார்ச் கொடுத்தார்கள். அதன் ஒளி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கூடவே தரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் பகல்போலத் தெரியும்.

"ஏன்க்கா, இத்தனை பேர் அடிக்கிறோம். ஒருத்தர் வெளிச்சம் இன்னொருத்தர் கண்ணுல அடிக்காதா?"

"அதுக்குத்தான் ஒவ்வொரு டார்ச்சும் ஒரு தாளத்துல மினுக்கும். உங்க டார்ச் தாளம் உங்க கண்ணாடிக்கு மட்டும்தான் தெரியும். அவங்கவங்க வெளிச்சம் அவங்கவங்களுக்கு."

அவள் டார்ச்சின் வால் பொத்தானை ஐந்து முறை அழுத்தினாள். சோதனைக் கண்ணாடிக்குள் எழுத்துகள் வரிசையாக வந்தன. ஒளியளவு, விரிவு, நேரம். நான்காவதாக வந்த ஒரு வரியை வழக்கம்போல அணைத்தாள்.

"என்னக்கா அணைக்கிறீங்க?"

"தேவையில்லாத ஒண்ணு. சார்ஜைக் குடிக்கும். இது இருந்தா பன்னிரண்டு மணி நேரம்தான் வரும். அணைச்சுட்டா முப்பது மணி நேரம் நிக்கும். எல்லாருக்கும் நானே அணைச்சுத்தான் குடுப்பேன்."

பாலத்தின் இந்தப் பக்கப் பாறையில், எப்போதும்போல மாசிலாமணி உட்கார்ந்திருந்தார். தேயிலை பேக்டரியில் கொதிகலனுக்கு விறகு தள்ளுகிறவர். ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் இங்கே வந்துவிடுவார். மேல்காட்டில் கொழுந்து பறிக்கும் மனைவி செல்லக்கனி, இலையை எடை போட்டுக் கொடுத்துவிட்டு இந்தப் பாலம் வழியாகத்தான் வரவேண்டும். அவள் வரும்வரை பழைய டார்ச்சைப் பலகைகளின் மேல் பிடித்தபடி இருப்பார்.

அன்சாரிக்கு வாய் சும்மா இருக்காது. "மணியண்ணே, இன்னுமா அந்த இரும்புக்கட்டி? ரெண்டு நாளைக்கு ஒருதரம் சார்ஜ் போடுறீங்களாமே! இதப் பாருங்க, முப்பது மணி நேரம் நிக்கும்."

"முப்பது மணி நேரம் நான் எங்கப்பா நிக்கப் போறேன்? அவ வர்ற வரைக்கும் நின்னாப் போதும்."

"அக்கா, இவரு மாதிரி நாலு பேரு இருந்தா நீங்க கடையச் சாத்திர வேண்டியதுதான்."

மூவரும் சிரித்தார்கள். அன்சாரி புது டார்ச்சைப் பாலத்தில் அடித்தான். "யம்மா! என்னக்கா இது, குழல் விளக்குப் போட்ட மாதிரி இருக்கு!"

"நான்தான் சொன்னேனே" என்றாள் அன்னபாக்கியம் பெருமையாக.

*

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. அன்னபாக்கியம் மேல் லயத்துத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் கண்ணாடி சரிசெய்து கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பி வந்தாள். பாலத்தை நெருங்கும்போது மணி ஏழு இருக்கும். அன்று இலை அதிகம், நிறுவை முடியவில்லை. அக்கரையில் மாசிலாமணி எழுந்து நின்று டார்ச்சை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தது அவளுடைய ஒளியில் தெரிந்தது.

"என்னண்ணே, அணைஞ்சு போச்சா?"

"ஆமாங்க. அவளையும் இன்னும் காணோம். மேல போய்ப் பாக்கலாம்னு."

மலையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே ஆள் வந்தால் வெளிச்சத்தை அவர் முகத்தில் அடிக்காமல் காலடியில் இறக்கிப் பிடிக்க வேண்டும். ஆபத்தான இடமிருந்தால் அங்கே இரண்டு முறை ஆட்டிக் காட்ட வேண்டும். பழைய விளக்குகள் இருந்த காலத்திலிருந்து வருவது. விளக்குகள் மாறிய பிறகும் கை அதை மறக்கவில்லை.

"வாங்கண்ணே, நான் காட்டுறேன்" என்றாள்.

மழையில் மூன்றாம் பலகை நழுவி ஒரு முழம் இடைவெளி விழுந்திருந்தது. அவள் ஒளியை அங்கே இறக்கி இரண்டு முறை ஆட்டினாள். அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அவர் முதல் பலகையில் கால் வைத்தார். இரண்டாவதில் வைத்தார். தயங்கவேயில்லை. மூன்றாவது அடியை நேராக அந்த இடைவெளியில் வைத்தார்.

அவர் விழுந்ததை முழு வெளிச்சத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கல்லில் எலும்பு மோதிய சத்தம் கேட்ட பிறகுதான், அந்த வெளிச்சம் தனக்கு மட்டுமே இருந்தது என்பது அவளுக்கு உறைத்தது.

ஆட்கள் ஓடி வந்து தூக்கினார்கள். தோட்டத்து உதவி மேலாளர் துவாரகநாத் வந்து, என்ன நடந்தது என்று கேட்டார்.

"அவரு டார்ச் அணைஞ்சு போச்சு சார். இருட்டுல கால் தவறிட்டாரு" என்றாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அது அவளைத் தூங்கவிடவில்லை.

*

தோட்டத்தில் ஒரு விதி இருந்தது. அணைந்த டார்ச்சோடு இருட்டில் நடமாடி அடிபட்டால் அது அவரவர் அசட்டை. மாசிலாமணிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனி விறகு தள்ள முடியாது. அசட்டை என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்துவிட்டு மலையிலிருந்து இறங்க வேண்டியதுதான். அசட்டை இல்லை என்றானால் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று கொடுப்பார்கள்; வீடும் இருக்கும். சனிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. சாட்சி அன்னபாக்கியம் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை ஒரே டார்ச்சை மூன்று முறை துடைத்து மூன்று முறை அதே இடத்தில் வைத்தாள். புதன்கிழமை மாதா கோயிலுக்குப் போனாள். முழங்கால் போட்டாள். வார்த்தை வரவில்லை. தெரியாமல் செய்த தவற்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் மறைத்ததற்கு எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

சொன்னால் கடை போகும். தோட்டத்து பஜாரில் தோட்டத்தின் அனுமதியில் நடக்கும் கடை. சொல்லாவிட்டால்? மாசிலாமணி அவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டாள். "கால் தவறிடுச்சு" என்று மட்டும்தான் சொன்னாராம். அது அவளை இன்னும் அலைக்கழித்தது.

புதன் சாயங்காலமே அன்சாரி வந்து நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த டார்ச் என்னவோ சரியில்ல. ரெண்டு நாளா பாலத்துகிட்ட மங்குது. அன்னிக்கு நீங்க காட்டினப்ப எப்படி இருந்துச்சு!"

"கண்ணாடியத் துடைச்சீங்களா?"

"லுங்கியிலதான் துடைச்சேன்."

"அதான் மங்குது." அவள் எடுத்துத் துணியால் துடைத்தாள். பேட்டரியைச் சோதித்தாள். எதிலும் குறை இல்லை. அவனோடு பாலத்துக்குப் போய் அடித்துப் பார்த்தாள். புதுப் பலகை போட்டிருந்தார்கள். டார்ச் எரிந்தது, ஆனால் அவன் சொன்னது உண்மைதான். ஆணித் தலைகள் தெரியவில்லை. தன்னுடைய டார்ச்சை அடித்தாள். அதுவும் அப்படித்தான். தன் மனம்தான் இருண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை இன்னும் இரண்டு பேர் அதே குறையோடு வந்தார்கள்.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலில் செல்லக்கனி ரொட்டிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். கறை பிடித்த விரல்கள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க. டார்ச் விக்க வந்தீங்களா?"

"கனி, அவரப் பாத்துட்டுப் போறேன்."

"பாருங்க. எல்லாரும் பாத்தாங்க. 'பேட்டரிய மாத்தியிருக்கலாம்ல'ன்னு எல்லாரும் சொல்லிட்டும் போயிட்டாங்க. நீங்களும் சொல்லிட்டுப் போங்க."

மாசிலாமணி இடுப்பு முதல் பாதம் வரை கட்டோடு படுத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை.

"உக்காருங்க. கனி, அவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்து."

அன்னபாக்கியம் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அன்னிக்கு நான் காட்டுறேன்னு சொன்னேன். உங்களுக்கு எதுவும் தெரியலதானே? அப்புறம் ஏண்ணே கால வச்சீங்க?"

அவர் சற்று யோசித்தார். வலியில் உதடு காய்ந்திருந்தது.

"நீங்க டார்ச் கடைக்காரம்மா. காட்டுறேன்னு சொன்னீங்க. எனக்குத் தெரியலன்னா என் கண்ணாடியிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

"அத ஏன் சார்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்களக் கூப்பிட்டு வைவாங்க. நல்லது செய்யத்தான நின்னீங்க. விழணும்னு இருந்தா விழுறதுதான்."

செல்லக்கனி தேநீர் டம்ளரைப் பட்டென்று வைத்தாள். "இந்த மனுசனுக்கு இதே வேலை. யாரையும் ஒண்ணு சொல்ல மாட்டாரு. வீட்டக் காலி பண்ணச் சொன்னாலும் சரிங்கன்னு பாயச் சுருட்டுவாரு." கட்டிலுக்கடியில் இருந்த துணிப்பையிலிருந்து பழைய டார்ச்சை எடுத்து வந்து நீட்டினாள். "ஆபீசுல உங்ககிட்டதான் சோதிக்கச் சொல்லியிருக்காங்க. கொண்டுபோங்க. ஒண்ணு மட்டும் கேக்குறேன். இன்னிக்கே திருப்பித் தந்துருங்க. இருட்டினா நான் வீட்டுக்குப் போகணும்."

"உன்னோடத எடுத்துட்டுப் போலாமே?"

"என்னோடதா? எங்ககிட்ட இருக்கிறதே இது ஒண்ணுதான். ரெண்டு கண்ணாடி, ஒரு டார்ச்."

"ஒரு டார்ச்ல ரெண்டு பேரு எப்படி..."

"அதுலயே இருக்காமே ஒண்ணு. வாங்கின மறுநாளே அவரு நோண்டிக் கண்டுபிடிச்சாரு. எனக்கு அதெல்லாம் தெரியாது. அவரு அடிச்சா எனக்கும் தெரியும்."

*

கடையில் அந்த டார்ச்சைச் சார்ஜில் போட்டுவிட்டு அன்னபாக்கியம் காத்திருந்தாள். பத்து வருடத்துக்கு முன் அவளே விற்ற டார்ச். மூலையெல்லாம் அடிவாங்கி, வர்ணம் போய், கை பட்ட இடம் மட்டும் பளபளத்தது. பச்சைப் புள்ளி எரிந்ததும் வால் பொத்தானை ஐந்து முறை அழுத்தினாள். சோதனைக் கண்ணாடிக்குள் ஒளியளவு வந்தது. விரிவு வந்தது. நேரம் வந்தது. நான்காவது வரி:

பிறருக்கும் காட்டு – ஆம்.

ஆயிரம் டார்ச்சுகளிலாவது அவள் கையாலேயே அணைத்த வரி. அணைக்கும்போது ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை.

கடை தொடங்கும் முன் கம்பெனி ஆள் சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இதைப் போட்டால் டார்ச் தன் தாளத்தோடு பொதுத் தாளம் ஒன்றிலும் மினுக்கும். பொதுத் தாளம் எல்லாருடைய கண்ணாடிக்கும் எப்போதும் தெரியும். கொடுப்பதற்குத்தான் சார்ஜ் வேண்டும், பெறுவதற்கு எதுவும் வேண்டாம் என்று அந்த ஆள் சொன்னான்.

அவள் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள்.

ஆறரை மணி. பாலம். பாறையில் உட்கார்ந்து பலகைகளின் மேல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதர். அவர் அருகில் நின்றுகொண்டுதான் அவள் ஒவ்வொரு புது மாடலையும் அடித்துக் காட்டினாள். "குழல் விளக்குப் போட்ட மாதிரி இருக்கு" என்றார்கள். அவர் வெளிச்சத்தில் ஆணித் தலை தெரிந்ததும் வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்கிக்கொண்டு போகிற வழியில், அவருடைய டார்ச் சீக்கிரம் அணைகிறது என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவர் பேட்டரி ஏன் தீர்ந்தது என்று இப்போது தெரிந்தது. திங்கட்கிழமை நிறுவை முடியாமல் செல்லக்கனிக்கு நேரமானது. அவர் அரை மணி நேரம் கூடுதலாகப் பாலத்துக்கு வெளிச்சம் பிடித்திருக்கிறார். அதில் எத்தனை பேர் கடந்து போனார்களோ.

இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தன் டார்ச்சில் நான்காவது வரியைப் போட்டு, செல்லக்கனியின் கண்ணாடியோடு இணைத்துக் கொடுத்தாள். பழையதை விசாரணைக்காகத் தன்னோடு வைத்துக்கொண்டு, அதன் வெளிச்சத்திலேயே வீடு திரும்பினாள். அன்றிரவு அவள் தன் படுக்கையருகே முழங்கால் போட்டபோது வார்த்தை வந்தது. ஒரே வரிதான். "நாளைக்கு என் வாய் திறக்கணும், ஆண்டவரே."

*

துவாரகநாத் நல்ல மனிதர்தான். அவசரக்காரர்.

"டார்ச் அணைஞ்சிருந்துச்சு. நீங்க சோதிச்சீங்க. அவ்வளவுதானேம்மா? கையெழுத்துப் போடுங்க."

"அணைஞ்சிருந்துச்சு சார். ஆனா நான் முழுசா சொல்லல."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் தொடங்கிவிட்டாள். எதிர்க்கரையில் நின்றதை, காட்டுகிறேன் என்று சொன்னதை, தனக்கு மட்டும் தெரிந்த வெளிச்சத்தை ஆட்டிக் காட்டியதை, அவர் நம்பி அடியெடுத்து வைத்ததைச் சொன்னாள். பழைய டார்ச்சை மேசையில் வைத்து, அது ஏன் அணைந்தது என்பதையும் சொன்னாள். துவாரகநாத் பேனாவை மூடிவிட்டார்.

"அப்ப நீங்க வித்த எல்லா டார்ச்லயும் இது அணைச்சிருக்கா?"

"எல்லாத்துலயும். சார்ஜ் நிக்குமேன்னு."

"யாராவது கேட்டாங்களா, அணைக்க வேணாம்னு?"

"யாரும் கேக்கல. எத்தனை மணி நேரம் நிக்கும்னு மட்டும்தான் கேட்டாங்க."

அவர் தன் சட்டைப்பையைத் தொட்டார். அங்கேயும் ஒரு டார்ச் கிளிப் மாட்டியிருந்தது.

"என்னோடதுல?"

"அதுலயும் நான்தான் சார் அணைச்சேன்."

அவர் அந்த டார்ச்சைக் கழற்றி மேசையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மழை மேகம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் தினமும் ஆறரை மணிக்கு அந்தப் பாலத்துலதான் போறேன்" என்றார்.

மாசிலாமணியின் அசட்டை இல்லை என்று எழுதினார். கொதிகலனின் அழுத்தமானியைப் பார்க்கும் வேலை; நாற்காலி உண்டு; வீடு இருக்கும். பிறகு தலை நிமிராமல் சொன்னார்: "உங்க கடைய ஒரு மாசம் மூடணும்மா. விதி அப்படி. அதுக்கப்புறம் மேல கேட்டுத்தான் சொல்ல முடியும்."

"சரிங்க சார்." அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்தைப் போட்டாள்.

*

அன்று ஆறு மணிக்கு அன்னபாக்கியம் பாறையில் போய் உட்கார்ந்தாள். பழைய டார்ச்சைப் பலகைகளின் மேல் பிடித்தாள். பேக்டரி ஆட்கள் போனார்கள். பிள்ளைக் காப்பகத்திலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் போனார்கள். யாரும் நின்று எதுவும் கேட்கவில்லை. கைகால் சும்மா இருக்க மாட்டேனென்றது. எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடம் அவர் எப்படி அசையாமல் இருந்தார்?

ஏழு மணி சுமாருக்கு அன்சாரி வந்தான். அக்கரையில் அவனுக்கு ஒரு சவாரி இருந்தது.

"அக்கா! கடைய மூடிட்டாங்களாமே? ஆனா ஒண்ணு சொல்லணும், உங்க டார்ச் தங்கம். இன்னிக்குப் பாருங்க, பாலத்துல மறுபடியும் பளிச்சுனு இருக்கு. நான்தான் வீணாக் குறை சொல்லிட்டேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இங்க குடுங்க அத."

வாங்கி, ஐந்து முறை அழுத்தி, நான்காவது வரியைப் போட்டுக் கொடுத்தாள்.

"என்ன பண்ணினீங்க?"

"இனிமே பன்னிரண்டு மணி நேரம்தான் நிக்கும்."

"அய்யோ, அக்கா!"

"அக்கரைக்குப் போயிட்டுத் திரும்பிப் பாருங்க. வேண்டாம்னா நாளைக்கு அணைச்சுத் தர்றேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே பாலத்தைக் கடந்தான். அவன் காலடிச் சத்தம் மேட்டில் ஏறி மங்கியது. அப்போதுதான் அவள் கையிலிருந்த பழைய டார்ச் இருமுறை துடித்து அணைந்தது. தட்டிப் பார்த்தாள். உயிர் வரவில்லை.

இருட்டு அவள் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. ஓடை மட்டும் கேட்டது. அக்கரையில்தான் அவள் வீடு. ஒரு காலை நீட்டி முதல் பலகையின் விளிம்பைத் தேடினாள். பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இப்படித்தான் நின்றிருப்பார் அவர்.

"அக்கா!" அக்கரையிலிருந்து குரல். "இன்னுமா அங்க நிக்கிறீங்க? டார்ச் போயிடுச்சா?"

"போயிடுச்சு தம்பி."

"வாங்க, நான் காட்டுறேன்."

அவள் கீழே பார்த்தாள்.

முதல் பலகையின் வரிகள் தெரிந்தன. இரண்டாவதும் தெரிந்தது. மூன்றாவதாக, புதிதாய் அறைந்த மஞ்சள் நிறப் பலகையின் மேல் வெளிச்சம் இறங்கி, இரண்டு முறை ஆடியது. நான்கு ஆணித் தலைகளையும் அவளால் எண்ண முடிந்தது.

அன்னபாக்கியம் காலை எடுத்து வைத்தாள்.